சிவப்போடு சிவப்பு

அத்தியாயம் ஒன்பது

மேட்டு ஊரான கியூர்பிப்பில் ஒருவர் தன் வீட்டைச் சூடாக்குவதற்கென்று உலை வைத்திருந்தார் என்றால், கீழே போர்ட் லூயியில் யாரும் முதல் தடவையில் நம்புவதில்லை. எங்கள் பேட்டை சாந்த் குருவாவில் நாங்கள் ஜூலை மாதக் குளிரிலும் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிற ஜனங்கள். இந்தத் தீவில் விறகை எரித்து வீட்டுக்குள் வெயில் உண்டாக்கிக்கொள்கிறவருக்கு ஒன்று பணம் கூடுதலாக இருக்கவேண்டும், அல்லது புத்தி குறைவாக இருக்கவேண்டும். மிசியே ஆன்றிக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன.

கப்பலில் எஞ்சினியராக உலகம் சுற்றி ஓய்வு பெற்ற மனிதர். கியூர்பிப்பின் ஓயாத மழை மனைவி மதாம் பியெரெட்டின் நெஞ்சுக்கு ஆகவில்லை. அதற்காக வீட்டுத் தரைக்குக் கீழே ஓர் அறை கட்டி, அதில் உலையை வைத்தார். உலைக்குப் பக்கத்தில் மோட்டார் பூட்டிய காற்றாடி. அது சுற்றினால் சூடான காற்று தகரக் குழாய் வழியாக மேலே படுக்கையறைக்குப் போகும். ஊரே சிரித்தது. மதாமின் இருமல் மட்டும் நின்றது.

போன வருஷம் கரோல் புயலில் அந்த அறைக்குள் தண்ணீர் ஏறி மோட்டார் பாழாகிவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் மாற்று மோட்டார் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தவன் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் வீரசாமி. போன மாதம் ஒரு சனிக்கிழமை பூட்டினான். ஞாயிறு காலையில் மிசியே ஆன்றி அந்தக் காற்றாடியின் பக்கத்தில், ஈரத் தரையில், செத்துக் கிடந்தார். மாலைக்குள் போலீஸ் வீரசாமியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கொலை வழக்கு. வருகிற திங்கட்கிழமை பெரிய கோர்ட்டில் விசாரணை.

வீரசாமியின் தாய் பாக்கியம் அக்கா வேறு யாரிடம் போவாள்? திருவேங்கடம் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தாள். அண்ணன் ஆயுள் முழுக்கக் கோர்ட்டில் துபாஷியாக நின்று, மற்றவர்களுடைய பொய்யை அழகான இங்கிலீஷில் சொன்னவர். ஓய்வு பெற்றபிறகு உண்மையைத் தேடக் கிளம்பியிருக்கிறார். பழக்கமில்லாத வேலைதான். நான் அலமேலு, அடுத்த வீட்டுத் தையல்காரி. அண்ணனுக்கு நான் வலது கை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். வலது கை இல்லை, வாய் என்று அவர் சொல்லிக்கொள்கிறார்.

வியாழக்கிழமை காலை அண்ணன் ஜெயிலில் வீரசாமியைப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். பாக்கியம் அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னண்ணே சொன்னான்?" என்றேன்.

"போலீஸ்ல சொன்னதையேதான் சொல்றான். அதுதான் கஷ்டம்."

கஷ்டம் இதுதான். மோட்டாரிலிருந்து மூன்று வயர் வருகிறது. ஒன்று கரெண்டைக் கொண்டுவரும். ஒன்று திரும்ப எடுத்துக்கொண்டு போகும். மூன்றாவது எர்த் வயர், மோட்டாரின் இரும்பு உடம்பை மண்ணோடு சேர்ப்பது. உள்ளே கரெண்டு கசிந்தால் தொட்டவன் மேல் பாயாமல் மண்ணுக்குப் போய்விடட்டும் என்று வைத்தது. இந்தத் தீவில் ஜனங்கள் பிரெஞ்சில் திட்டினாலும் கிரியோலில் சிரித்தாலும் வயர் மட்டும் இங்கிலீஷ் சட்டப்படிதான் ஓடுகிறது: வருவது சிவப்பு, திரும்புவது கறுப்பு, எர்த் பச்சை. வீரசாமி கொண்டுவந்த மோட்டாரிலோ சிவப்பும் கறுப்பும் சாம்பல் நிறமும் இருந்தன.

போலீஸ் கூட்டிவந்த எஞ்சினியர் பார்த்தபோது வீட்டுச் சிவப்போடு மோட்டார் சிவப்பும், கறுப்போடு கறுப்பும், பச்சையோடு மிஞ்சிய சாம்பலும் இணைந்திருந்தன. வெளியே எல்லாம் சரி என்றார் எஞ்சினியர். ஆனால் மோட்டாரைப் பிரித்தால், உள்ளே அந்தச் சிவப்பு வயரை இரும்பு உடம்போடு ஈயத்தால் பற்றவைத்திருக்கிறது. கரெண்டு நேராக இரும்புக்கு வந்திருக்கிறது, தொட்டவர் போய்விட்டார். கொண்டுவந்தவன்தான் உள்ளே கை வைத்திருக்கவேண்டும், வேண்டுமென்றே வைத்த பொறி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீரசாமி சொன்னது வேறு. "நான் சிவப்பைச் சிவப்போட கட்டவேயில்ல. மோட்டார் சிவப்பை வீட்டுப் பச்சையோட கட்டினேன்." இதைக் கேட்டு ஸ்டேஷனில் எல்லாரும் சிரித்தார்களாம். கரெண்டு வயரைக் கொண்டுபோய் மண்ணில் புதைத்தேன் என்கிறானே, பொய்யாவது ஒழுங்காகச் சொல்லத் தெரியவேண்டாமா?

போதாததற்கு, சனிக்கிழமை வீரசாமியும் மிசியே ஆன்றியும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். "செத்துடுவீங்க" என்று வீரசாமி கத்தியது அவர் காதில் தெளிவாக விழுந்ததாம்.

"சிவப்பை எதுக்குப் பச்சையில கட்டினான்னு கேட்டீங்களா?" என்றாள் பாக்கியம் அக்கா.

"கேட்டேன். 'நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, குட்லண்ட்ஸ்ல கொல்லுப்பட்டறை ஜான்-மார்க்கைக் கேளுங்க, அவன் சிரிப்பான்'னான்."

"சிரிக்கிற ஆளைப் பாக்க அவ்வளவு தூரம் பஸ்ல போகணுமா?" என்றேன். "இங்க போலீஸ் ஸ்டேஷன்லயே இருக்காங்களே."

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு அண்ணனோடு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

*

ஜான்-மார்க் நிஜமாகவே சிரித்தான். ஆள் கதவை அடைக்கிற அகலம். கரும்பு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறவன். அவன் உலையிலும் ஒரு காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மோட்டாரைப் பார்த்ததும் அண்ணன் தொப்பியைக் கழற்றினார்.

"அதே மோட்டார்," என்றார்.

"கூடப் பொறந்ததுதான், மிசியே," என்றான் ஜான்-மார்க். "கரோல்ல ஹாம்பர்க் சரக்குக் கப்பல் ஒண்ணு பாறையில ஏறிச்சே, அதுல பெட்டியோட கெடந்ததை ஏலம் போட்டாங்க. நானும் வீரசாமியும் ஆளுக்கு ஒண்ணு எடுத்தோம். மேல ஒட்டியிருந்த காகிதமெல்லாம் கடல் தண்ணியில போச்சு. இருந்திருந்தாலும் அந்த ஊர் பாஷையை நான் எங்க படிக்க?"

"முதல்ல இதை யார் பூட்டினது?"

"வீரசாமிதான். சட்டப்படி பூட்டினான். சிவப்போட சிவப்பு, கறுப்போட கறுப்பு. சுவிட்சைப் போட்டேன். காத்தாடி அசையல. எங்கயோ இறுகியிருக்கு, தள்ளிவிட்டா சுத்தும்னு போய்க் கை வச்சான் பாருங்க..." ஜான்-மார்க்குக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஆயோ, மம்மா! அந்தக் கரிக்குவியல்ல போய் உக்காந்தான். தலைமுடி கோயில் காவடி மாதிரி நிக்குது. தரை காஞ்சிருந்திச்சு, கால்ல ரப்பர் பூட்ஸ். இல்லேன்னா அன்னிக்கே போயிருப்பான்."

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு பேரும் பிரிச்சுப் பாத்தோம். பாக்குறீங்களா?"

மோட்டாரின் மூடியைக் கழற்றினான். உள்ளே சிவப்பு வயர் இரும்பு உடம்போடு ஈயத்தால் ஒட்டியிருந்தது. அதற்குமேல் பச்சை நிறத்தில் கம்பெனி அடித்த பெயிண்ட், ஒரு கீறல்கூட இல்லாமல். யாரும் பிற்பாடு பிரித்து ஒட்டியதில்லை. பிறவியிலேயே அப்படி.

திருவேங்கடம் அண்ணன் முகத்தில் அன்றுதான் முதல்முறையாக வெளிச்சம் பார்த்தேன்.

"அலமேலு, பொறியுமில்ல ஒண்ணுமில்ல. அந்த ஊர்ல சிவப்புத்தான் எர்த். இரும்போட சேந்துதான் இருக்கணும். கரெண்டு கொண்டுவர்றது கறுப்பு."

"அப்போ அந்த ஊர்ல ஆபத்துன்னு காட்ட என்ன கலர் கொடி புடிப்பாங்க?"

"வீரசாமி கட்டினதுதான் சரி. சிவப்பைப் பச்சையோடதான் கட்டணும்."

"அதைத்தான் கரியைத் தட்டிட்டு எழுந்திரிச்சுக் கட்டினான்," என்றான் ஜான்-மார்க். "அன்னிலேர்ந்து சுத்துது."

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் விசில் அடித்தார். அந்த விசிலை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன், ஏனென்றால் அதற்கு ஆயுசு போர்ட் லூயி வரைதான்.

*

வீரசாமியின் வக்கீல் மெத்தர் மொரிஸ், மெலிந்த மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்," என்றார். "பொறி இல்லை என்று நிரூபித்துவிடலாம். அப்புறம் அரசாங்க வக்கீல் எழுந்து ஜான்-மார்க்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். சிவப்போடு சிவப்பைக் கட்டினால் ஆள் செத்துப்போவான் என்று இந்தத் தீவில் யார் யாருக்குத் தெரியும்?"

அண்ணன் விரல்விட்டு எண்ணினார்.

"ரெண்டு பேருக்கு," என்றார்.

"ஒருவன் சாட்சிக் கூண்டில் நிற்பான். இன்னொருவன் குற்றவாளிக் கூண்டில். போலீஸ் திறந்தபோது சிவப்பு சிவப்போடுதான் இருந்தது. தெரிந்தே கட்டினான் என்று ஆகிவிடும். இதுவரை அவனைத் தூக்கில் போட எஞ்சினியருக்கு ஒரு ஊகம்தான் இருந்தது. நீங்கள் குட்லண்ட்ஸ் போய்ச் சாட்சியே கொண்டுவந்துவிட்டீர்கள்."

"நாங்க வேணும்னா எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வச்சிடறோம்," என்றேன்.

"எனக்கு வேண்டியது ஒன்றுதான்," என்றார் மொரிஸ். "வீரசாமி கிளம்பிப் போன பிறகு வேறொரு கை அந்த வயரை மாற்றியது என்று காட்டவேண்டும். பார்த்த ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஒரு பொருள். இன்ஸ்பெக்டர் தன் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள்."

வெளியே வந்ததும் அண்ணன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"எப்படிப்பட்ட கைன்னு தெரியும், அலமேலு. வயர்ப் பெட்டியைத் திறக்கத் தைரியம் உள்ள கை. இங்கிலீஷ் சட்டம் தெரிஞ்ச கை. வீரசாமி சொன்னதைக் காதுல போட்டுக்காத கை."

"கடைசிக் குணம் கியூர்பிப்ல எல்லாருக்கும் இருக்கு. நாளைக்குப் போனா வண்டி நிறைய அள்ளிட்டு வரலாம்."

*

கியூர்பிப்பில் மழை பெய்துகொண்டிருந்தது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அந்த வீட்டுக்குள் போக எங்களுக்கு ஒரு வழி இருந்தது. அங்கே வேலை செய்கிற ஊகெட்டின் தங்கை எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். துக்கத்துக்கு ஊகெட் உடுத்துகிற கறுப்பு கவுனைத் தைத்தவளே நான்தான். அவசரத்தில் தைத்ததால் கீழ் மடிப்பு ஒரு பக்கம் தொங்குகிறது என்று தங்கையிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். என் தையலில் குறை வந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மதாம் பியெரெட் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். ஊகெட் எங்களைப் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டாள். வீடு சில்லென்று இருந்தது. உலையை யாரும் பற்றவைக்கவில்லை. கீழே அந்த அறையைப் பார்க்கவேண்டும் என்று அண்ணன் கேட்டதும் தயங்கினாள். "கீழதான் வெளிச்சம் நல்லாயிருக்கு, அங்கேயே மடிப்பைப் பாத்துடறேன்" என்று நான் அவளைப் படியில் இறக்கிவிட்டேன். கீழே வெளிச்சமே இல்லை. அவளும் அதைச் சொல்லவில்லை. தனியாக எதையோ சுமந்துகொண்டிருந்த முகம் அவளுக்கு.

மோட்டாரைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. மரக்கட்டை மேல் காற்றாடியின் தகரக் கூடு மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. நான் ஊகெட்டை ஒரு பெட்டிமேல் ஏற்றி நிறுத்தி, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்தேன். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் மிசியே ஆன்றியின் கருவிகள். கப்பல்காரர் புத்தி: ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதனதன் வடிவத்தை வெள்ளைப் பெயிண்டில் நிழல் மாதிரி வரைந்து வைத்திருந்தார். கடல் ஆடும்போது எது காணவில்லை என்று ஒரே பார்வையில் தெரியவேண்டுமாம். சுத்தியல் நிழலில் சுத்தியல், அரம் நிழலில் அரம். சில நிழல்கள் காலி.

"இந்தக் காலியெல்லாம் என்ன, ஊகெட்?"

"கரோல்ல தண்ணி அடிச்சிட்டுப் போனது, மிசியே. குறடு போச்சு, ரெண்டு ஸ்பேனர் போச்சு. புதுசு வாங்கி மாட்டற வரைக்கும் காலியாத்தான் இருக்கணும்பார். வேற எதையும் அதுல மாட்ட விடமாட்டார். நான் ஒருதரம் தூசி தட்டிட்டு சுத்தியலை மாத்தி மாட்டிட்டேன். ஒரு வாரம் பேசல."

"அப்படியா?" என்றார் அண்ணன். "அப்போ இது யார் மாட்டினது?"

நான் திரும்பிப் பார்த்தேன். காணாமல்போன குறட்டின் நிழல், இரண்டு கால் விரித்த பெரிய நிழல். அதன்மேல் ஒரு சின்னத் திருப்புளி தொங்கிக்கொண்டிருந்தது, நெட்டையன் சட்டைக்குள் குள்ளன் புகுந்த மாதிரி. அதனுடைய சொந்த நிழல், ஒரு விரல் அகலத்தில், பலகையின் கடைசியில் காலியாகக் கிடந்தது. வயரின் திருகாணியைக் கழற்ற அந்த அறையிலிருந்த ஒரே பொருள் அதுதான்.

"அவர் மாட்டினதில்ல," என்றார் அண்ணன். "கையில எடுத்தவர் அவர். திருப்பி மாட்டினது வேற ஆள்."

ஊகெட் பெட்டியிலிருந்து இறங்கப் பார்த்தாள்.

"அசையாதே," என்றேன், ஊசிகளுக்கு நடுவே. "குத்திடும்."

அசையவில்லை. அழுதாள்.

"கையில இருந்திச்சு," என்றாள். "காலையில காப்பி எடுத்துக்கிட்டு வந்தேன். கீழ கெடந்தார். வெளக்குமாத்துக் கட்டையால சுவிட்சை அணைச்சேன். அப்புறம் மதாம் வந்தாங்க. பாத்தாங்க. என் புருஷன் கையில கூலிக்காரன் சாமானோட போலீஸ் பாக்கக்கூடாதுன்னாங்க. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சேன், மதாமே வாங்கி மாட்டினாங்க. மூக்குக் கண்ணாடியையும் கழட்டச் சொன்னாங்க. படிக்க மட்டும் போடுவாரே, அது."

"சுவிட்சைப் போட வர்றவருக்குப் படிக்கிற கண்ணாடி எதுக்கு?" என்றார் அண்ணன் மெல்ல. "சின்ன வயரை, சின்னத் திருகாணியைப் பாக்க. சனிக்கிழமை சண்டை எதைப் பத்தி?"

"இதைப் பத்தித்தான். சிவப்பைக் கொண்டுபோய்ப் பச்சையில கட்டியிருக்கான், முட்டாள்னு மிசியே திட்டினார். கடல்லயே ஆயுசைக் கழிச்சவனுக்கு நீ கலர் சொல்லித் தர்றியான்னார். அந்தப் பையன் கும்பிட்டுச் சொன்னான், மிசியே. 'அதைத் தொட்டு மாத்தாதீங்க, மாத்தினா செத்துடுவீங்க'ன்னான்."

பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் வாலை மட்டும் கேட்கத் தெரிந்திருக்கிறது. நல்ல வம்புக்காரர் அப்படித்தான் கேட்பார். நானாக இருந்தாலும் வாலைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பேன்.

ஆக, கொலைகாரரும் அவரே, செத்தவரும் அவரே. பையன் போனபிறகு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழ்ப் பையனுடைய தப்பைத் திருத்தியிருக்கிறார். சிவப்போடு சிவப்பு. சுவிட்சைப் போட்டார். காற்றாடி அசையவில்லை. தள்ளிவிட்டால் சுற்றும் என்று கை வைத்தார். இங்கே கரிக்குவியல் இல்லை, ரப்பர் பூட்ஸும் இல்லை. கால்வாசி அங்குலத்துக்குத் தண்ணீர் கசிகிற தரை.

"ஊகெட், இதை நீ கோர்ட்ல சொல்லணும்," என்று அண்ணன் ஆரம்பித்தபோது படியில் குடை மடங்குகிற சத்தம் கேட்டது.

மதாம் பியெரெட் கறுப்பு உடையில் நின்றார். சின்ன உருவம். ஒரு இருமல் இருமி, அது அடங்கும்வரை காத்திருந்து, யார் நீங்கள் என்று கேட்டார்.

இங்கேதான் எங்கள் துப்பறிவாளர் தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பைச் செய்தார். தெளிவான பிரெஞ்சில், தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு, ஒன்றைக்கூட விடாமல் விளக்கினார். ஹாம்பர்க் மோட்டார், சிவப்பு எர்த், ஜான்-மார்க்கின் கரிக்குவியல். பிறகு பலகைக்குப் போய்க் கையால் காட்டினார். மதாம், இது குறட்டின் நிழல். இந்தத் திருப்புளியின் இடம் இதோ, கடைசியில், இந்தச் சின்ன நிழல். உங்கள் கணவர் இப்படி மாட்டவே மாட்டார். நாளைக் காலை இன்ஸ்பெக்டர் வந்து இதை இப்படியே பார்த்தால் போதும், ஒரு தாய்க்கு மகன் கிடைப்பான்.

மதாம் கடைசிவரை கேட்டார்.

"இந்த உலைக்காக ஊர் என் புருஷனைப் பார்த்துச் சிரித்தது உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"கேள்விப்பட்டிருக்கிறேன், மதாம்."

"பகையாளி கையால் செத்தால் அது சாவு. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒரு பையன் சரியாகக் கட்டியதை அவிழ்த்துத் தப்பாகக் கட்டிச் செத்தார் என்றால் அது கதை. கடைத்தெருவில் சொல்வார்கள். கப்பல் எஞ்சினியர் சிவப்பு வயரைத் தொட்ட கதை."

"ஆனால் அது உண்மை, மதாம்."

"அதனால்தான் சொல்கிறேன்."

கையுறையைக் கழற்றினார். பலகைக்கு நடந்தார். குறட்டின் நிழலிலிருந்து திருப்புளியை எடுத்து, கடைசியில் இருந்த சின்ன நிழலின்மேல் மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

"இங்கேதானே?"

"ஆமாம், மதாம்," என்று அண்ணன் வாயிலிருந்து வந்துவிட்டது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே பழகிய வாய்.

"நாங்க ரெண்டு பேர் பாத்தோம்!" என்றேன். ஊசிகள் கீழே சிதறின.

"நீங்கள் இருவரும் அந்தப் பையனுடைய தெரு," என்றார் மதாம். "இந்தத் தையல்காரியின் வாயைப் பற்றி ஊகெட் சொல்லி நிறையச் சிரித்திருக்கிறோம். கோர்ட்டிலும் சிரிப்பார்கள்." பிறகு, குரலைச் சற்றும் உயர்த்தாமல், "ஊகெட், நீ என்ன பார்த்தாய்?"

ஊகெட் இன்னும் பெட்டிமேல்தான் நின்றாள். கவுனின் மடிப்பு பாதி பிரிந்து தொங்கியது. அவள் தூங்குவது அந்த வீட்டுக் கொல்லைப்புற அறையில். அவளுக்குச் சோறும் கூரையும் வயதான காலமும் எல்லாம் அங்கேதான்.

"ஒண்ணும் பாக்கல, மதாம்."

மதாம் மறுபடி இருமினார். மேலே போகும்போது ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் தன்னையறியாமல் கை கொடுக்கப் போனார். வேண்டாம் என்று அவர் தலையசைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

*

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரே ஒரு தடவை, "நானே இடத்தைக் காட்டிக் கொடுத்தேன்" என்றார். அது உண்மைதான்.

ஆனால் எனக்கு ஓர் ஆயுதம் பாக்கி இருந்தது. கோர்ட் கேட்காவிட்டால் ஊர் கேட்கட்டும் என்று பஸ் முழுக்கச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். சிவப்பையும் பச்சையையும் என் கைக்குட்டையையும் நூலையும் வைத்துக் காட்டினேன். திருப்புளி, நிழல், கண்ணாடி, பிரித்த விரல்கள், எதையும் விடவில்லை. ஜனங்கள் ஆவென்று கேட்டார்கள். டிரைவர்கூட ஒரு நிறுத்தத்தில் வண்டியை எடுக்க மறந்துவிட்டார். முன் சீட்டிலிருந்த போலெட், எங்கள் பகுதி இஸ்திரிக்காரி, இறங்கும்போது என் கையைப் பிடித்து, "எல்லாருக்கும் சொல்றேன் அலமேலு" என்றாள். சொன்னாள்.

சனிக்கிழமை காலை நான் தெருக்குழாய்க்குப் போனபோது வரிசையில் பேச்சு அதுவாகத்தான் இருந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்: "வீரசாமி ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள திரும்பிப் போயிருக்கான். அவன் கட்டினது சரியாத்தான் இருந்திச்சாம், அதை அவனே போய் மாத்திக் கட்டியிருக்கான். யாரோ சொன்னது இல்லடி, கோர்ட் துபாஷி திருவேங்கடமே கியூர்பிப் போய்க் கண்டுபிடிச்சாராம். கூட அலமேலுவும் பாத்தாளாம்."

ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது.

எனக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். பாக்கியம் அக்கா. கையில் வாளி இல்லை. இஸ்திரி போட்ட ஒரு வெள்ளைச் சட்டையை மடித்து மார்போடு வைத்திருந்தாள்.

"அக்கா, அது அப்படியில்ல..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அண்ணன் ராத்திரியே வந்து எல்லாம் சொல்லிட்டாரு." சட்டையை என்னிடம் நீட்டினாள். "திங்கக்கிழமை கோர்ட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போகணும். காலர் நைஞ்சிருக்கு. திருப்பித் தைச்சுக் குடுக்கிறியா?"

திருப்பித் தைப்பது என்றால், காலரைப் பிரித்து, தேய்ந்த பக்கத்தை உள்ளே போட்டு, நல்ல பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மறுபடி வைப்பது. எங்கள் தெருவில் எல்லாச் சட்டையும் அப்படித்தான் இரண்டாம் வாழ்வு வாழ்கிறது. வாங்கிக்கொண்டேன்.

அவள் நாலு அடி போய்த் திரும்பி வந்தாள்.

"நேத்து ஜெயில்ல பாத்தேன். ரொம்ப எளச்சிட்டான்," என்றாள். விரலைத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினாள். "பழைய அளவுல தைக்காதே அலமேலு. கழுத்துல ஒரு விரக்கடை புடிச்சுத் தை."

சரியென்றேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு விரல் பிடித்துத் தைத்தேன்.